பேசிக்கொண்டே வந்த அக்காவுக்கு வென்டிலேட்டர் எதற்கு?

வட மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய அக்காவுக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். பதினோரு நாளைக்கு முன்னால் விடியற்காலையில், ராத்திரி முழுக்க கேஸ் கசிந்திருந்தது தெரியாமல் அடுப்படியில் லைட்டரைத் தட்டியிருக்கிறார். முகம், கழுத்து, நெஞ்சு, இரண்டு கைகள் என்று 40 சதவீதம் தீக்காயம். ஜன்னல் சாத்தியிருந்த அறை, அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாம் எரிந்து ஒரே புகை, கதவைத் திறந்து வெளியே இழுப்பதற்குள் சில நிமிடங்கள் போய்விட்டன.

"ஆட்டோவுல பேசிக்கிட்டேதான் சார் வந்துச்சு. பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிடுன்னு சொல்லிச்சு. குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்துச்சு. விரல்ல மாட்டுன மெஷின்ல ஆக்சிஜன் 98 காட்டுச்சு. ஒரு மணி நேரத்துல வாயில டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல" என்று எழுதியிருக்கிறார். இப்போது கழுத்தில் துளை போட கையெழுத்து கேட்கிறார்கள். 'வென்டிலேட்டர்ல வச்சா முடிஞ்சுது, காசுக்காக ஓட்டுறாங்க, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்' என்கிறார் பெரியப்பா. சித்தப்பா மகன் சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்கிறார். மாமா, அதாவது அக்காவின் கணவர், யாரிடமும் பேசாமல் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கடன் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது.

தம்பி, நான் மயக்க மருந்து டாக்டர், ஐ.சி.யூ.வில் டியூப் போடுவது என் தினப்படி வேலை. உங்கள் அக்காவை நான் பார்த்ததில்லை, அதனால் அவர் பிழைப்பாரா என்ற கேள்விக்கு இங்கிருந்து பதில் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் மனதைப் போட்டு அரிக்கிற சந்தேகம் ஒன்று இருக்கிறது, பேசிக்கொண்டு வந்தவளை இவர்கள்தான் இப்படி ஆக்கிவிட்டார்களோ என்று. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்ற எதையும் உங்களால் நிதானமாக முடிவு செய்ய முடியாது.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, 'குரல் மட்டும் கம்மியிருந்துச்சு' என்பது. மூடிய அறையில் முகத்தில் தீப்பட்டு வருகிறவருக்குக் குரல் கம்மினால் எங்களுக்கு அடிவயிறு கலங்கும். சூடான காற்று தொண்டைக்குள் போய் குரல்வளையைச் சுட்டிருக்கிறது என்று அர்த்தம். கையில் எண்ணெய் தெறித்தால் கொஞ்ச நேரம் கழித்துத்தானே கொப்புளிக்கிறது? தொண்டையும் அப்படித்தான், உடனே வீங்காது, மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வீங்கி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். அதோடு, தீக்காயத்துக்கு முதல் நாளில் ஏற்றுகிற சலைன் சாதாரண அளவு இல்லை. எடை, தீக்காய சதவீதம், 4 மில்லி மூன்றையும் பெருக்குவது வழக்கமான கணக்கு. 60 கிலோ எடையும் 40 சதவீதக் காயமும் என்றால் 24 மணி நேரத்தில் 9,600 மில்லி, அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். அதை ஏற்றாவிட்டால் கிட்னி போய்விடும், ஏற்றினால் முகமும் கழுத்தும் இன்னும் உப்பும். இரண்டாம் நாள் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது 'அக்காவை அடையாளமே தெரியல' என்று எழுதியிருக்கிறீர்களே, அதே வீக்கம் உள்ளே மூச்சுப் பாதையிலும் இருந்தது. டியூப் போடாமல் விட்டிருந்தால் அன்று ராத்திரி எந்த நேரத்திலும் அது அடைத்திருக்கலாம், அதற்கப்புறம் போட முயன்றால் வழியே தெரியாது. பேச்சு வருகிற நேரம்தான் பத்திரமாக டியூப் போடக்கூடிய நேரம். அந்த டாக்டர் அதைத் தவறவிடவில்லை. அதை வாசலுக்கு வந்து இரண்டு நிமிடம் உங்களிடம் சொல்லாமல் விட்டது குறைதான். எங்கள் ஆட்கள் நிறைய பேரிடம் இந்தக் குறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

விரல் மெஷின் 98 காட்டிய விஷயத்துக்கு வருகிறேன். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டுகிற சாதாரண மெஷினுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, விஷ வாயுவையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல நம்பர் காட்டிவிடும். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ஆக, 98 என்று காட்டியதை வைத்து மூச்சுக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வீக்கம் வற்றியபிறகும் ஏன் எடுக்கவில்லை?

நியாயமான கேள்வி. தொண்டை வீக்கம் பெரும்பாலும் நாலைந்து நாளில் வடிய ஆரம்பிக்கும். ஆனால் எரிந்த பிளாஸ்டிக்கின் புகை தொண்டையோடு நிற்பதில்லை, அதிலிருக்கிற ரசாயனம் நுரையீரலின் சின்னச் சின்னக் குழாய்கள் வரை இறங்கி உள்சவ்வைப் புண்ணாக்கிவிடும். புண்ணான சவ்வு உரிந்து, சளியும் கரியும் சேர்ந்து கட்டிகட்டியாகக் குழாயை அடைக்கும். டியூப் வழியாக சிஸ்டர்கள் உறிஞ்சி எடுப்பதும், நெபுலைசரில் விதவிதமாக மருந்து வைப்பதும் இதற்குத்தான். சளியில் கரி வந்ததா என்று கேட்டுப் பாருங்கள், முதல் சில நாள் வந்திருக்கும்.

இந்த நிலையில் மெஷின் எதையும் குணப்படுத்தாது. குணமாக வேண்டியது நுரையீரல், மூட வேண்டியது தோல். அவை ஆறுகிற வரைக்கும் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டு நாள் வாங்கிக் கொடுப்பதுதான் வென்டிலேட்டரின் வேலை. அதையும் பக்குவமாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் பலமாக ஊதினால் புண்ணான நுரையீரல் இன்னும் கெடும். நான் படித்த காலத்தில் ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 10, 12 மில்லி என்று தாராளமாக ஊதினோம். 2000-ல் அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு அந்தப் பழக்கத்தை மாற்றியது. நுரையீரல் கடுமையாகக் கெட்டிருந்தவர்களில் 12 மில்லி கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தவர்களில் 31 சதவீதம் பேர். அன்றிலிருந்து சின்ன மூச்சாக ஊதுவதுதான் வழக்கம், அதுவும் படுத்திருப்பவரின் இப்போதைய எடைக்கு இல்லை, உயரத்தை வைத்துப் போடுகிற எடைக்கு. தீக்காயக்காரர்களிடம் இதை அப்படியே கடைப்பிடிப்பதும் சுலபமில்லை. உடம்பு ஜுரத்தில் கொதிக்கிற மாதிரி இரவும் பகலும் எரிசக்தியைச் செலவழிக்கும், கரியமில வாயு அதிகம் உண்டாகும், அதை வெளியேற்றக் கூடுதல் மூச்சு வேண்டும். நெஞ்சைச் சுற்றி வெந்த தோல் பலகை மாதிரி விறைத்துக்கொண்டால் விலா எலும்பு விரியவே விடாது. உங்கள் அக்காவுக்கு மூன்றாம் நாள் 'நெஞ்சுல கோடு கோடா கீறியிருக்காங்க' என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அந்த விறைப்பைத் தளர்த்தி மூச்சுக்கு வழிவிடத்தான் கீறியிருப்பார்கள்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு தகவல் எனக்கு முக்கியமாகப் பட்டது. மெஷின் கொடுக்கிற ஆக்சிஜனை 80 சதவீதத்திலிருந்து 45-க்கு இறக்கியிருப்பதாக சிஸ்டர் சொன்னாராம். நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், மெஷினில் அதிகபட்சம் 100. பதினோரு நாளில் 80 என்பது 45 ஆகியிருக்கிறது என்றால் நுரையீரல் முன்னேறுகிறது. இனி தினமும் 'எப்படி இருக்காங்க' என்று கேட்காமல், 'இன்னிக்கு ஆக்சிஜன் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போச்சு, பி.பி.க்கு மருந்து ஓடுதா, காயம் எவ்வளவு மூடியிருக்கு' என்று கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஒரு நாள் நம்பர் ஏறினால் பதறாதீர்கள், டிரெஸ்ஸிங் மாற்றிய நாளில்கூட ஏறும். நாலு நாள் போக்கைப் பாருங்கள்.

செத்தவரை மெஷின் ஓட்டுகிறதா?

பெரியப்பா கேட்பது ஊரில் எல்லாரும் கேட்பதுதான். வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும், அவ்வளவுதான். அதனால் இதயத்தைத் துடிக்க வைக்க முடியாது, சிறுநீர் பிரிய வைக்க முடியாது, புண் ஆற வைக்கவும் முடியாது. உங்கள் அக்காவுக்கு நேற்று தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டியிருக்கிறார்கள், சிறுநீர் போகிறது, பெயர் சொன்னால் புருவம் அசைகிறது என்கிறீர்கள். அவர் உயிரோடுதான் இருக்கிறார், உங்கள் குரலும் அவருக்குக் கேட்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அவர் பேசாததற்குக் காரணம், டியூப் குரல் நாண்களுக்கு நடுவே போகிறது, பேசுவதற்கான காற்று அங்கே வரவே வராது. மேலே மயக்கத்துக்கும் வலிக்கும் மருந்து ஓடுகிறது.

கையைத் துணியால் கட்டியிருப்பதைப் பார்த்து நீங்கள் அழுதது புரிகிறது. அரைமயக்கத்தில் கை தானாக டியூப்புக்குப் போகும். வெந்த முகத்தில் பிளாஸ்திரி ஒட்டாது, அதனால் டியூப்பை நாடாத் துணியால் காதைச் சுற்றிக் கட்டித்தான் நிறுத்துகிறோம். முகம் வீங்கினால் நாடா தோலை அறுக்கும், வீக்கம் வடிந்தால் தொளதொளவென்று ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் சிஸ்டர் விரலை விட்டுப் பார்த்து முடிச்சை மாற்றுவார். பல்லோரத்தில் டியூப் 21, 22 சென்டிமீட்டர் கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து எழுதுவார். அந்த டியூப் பிடுங்கப்பட்டால் வீங்கிய தொண்டையில் திரும்பப் போடுவதற்குள் உயிர் போகலாம். அதற்காகக் கட்டியே கிடக்க வேண்டும் என்றும் இல்லை. நீங்களோ மாமாவோ பக்கத்தில் உட்காருகிற நேரத்தில் கட்டை அவிழ்த்துவிட முடியுமா என்று கேளுங்கள், நல்ல ஐ.சி.யூ.வில் அனுமதிப்பார்கள்.

கழுத்தில் துளை

டிரக்கியாஸ்டமி என்றால் பேச்சே போய்விடும், வாழ்நாள் முழுக்க ஓட்டையோடு இருக்க வேண்டும் என்று பயப்படுகிறீர்கள். துளை குரல்வளைக்குக் கீழே போடப்படுகிறது, குரல் நாணைத் தொடுவதில்லை. மெஷின் தேவையில்லாத நாள் வந்ததும் குழாயை எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில நாள், சில வாரத்தில் துளை தானாக மூடிக்கொள்ளும், பேச்சு வரும். அக்காவின் குரல் கரகரப்பாக மாறலாம். அப்படி மாறினால் முதல் நாள் தீயும் புகையும் அதில் பெரும் காரணமாக இருக்கும்.

இதனால் கிடைக்கும் நன்மை என்ன? வாயில் டியூப் இல்லாததால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், வாயைச் சுத்தமாக வைக்கலாம், சளி எடுப்பது சுலபம், கட்டிலில் உட்கார வைக்கலாம், மெஷினிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துப் பழக்கலாம். இன்னும் நாலைந்து முறை தோல் ஒட்டு அறுவை இருக்கிறது என்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் மூச்சுப் பாதைக்குத் தவிக்க வேண்டாம். துளை போட்டாலே பிழைத்துவிடுவார் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன், அதற்கு ஆதாரம் இல்லை. ஆபத்தும் உண்டு: ரத்தக்கசிவு, கழுத்துக் காயத்திலிருந்து கிருமி இறங்குவது, பின்னாளில் மூச்சுக்குழாய் சுருங்குவது. கடைசியாகச் சொன்னது வாய் டியூப் நாள்கணக்கில் இருந்தாலும் வரும்.

அதனால் கையெழுத்துக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இன்னும் நாலைந்து நாளில் வாய் டியூப்பையே எடுத்துவிட வாய்ப்பு இருக்கிறதா, தொண்டை வீக்கம் வடிந்துவிட்டதா? 45 சதவீத ஆக்சிஜனில் இருப்பவருக்கு இது அவசியமான கேள்வி. இரண்டு, துளை போடுகிற இடத்தில் கழுத்துத் தோல் வெந்திருக்கிறதா, அங்கே முதலில் தோல் ஒட்டப் போகிறீர்களா? முதல் கேள்விக்கு 'வாய்ப்பில்லை, இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும்' என்று பதில் வந்தால், என் அக்காவாக இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். சட்டப்படி அந்தக் கையெழுத்து மாமாவுடையது. அவரைச் சுவரோரம் விட்டுவிட்டு நீங்களும் பெரியப்பாவும் முடிவு செய்யாதீர்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

வீட்டுக்கா, கீழ்ப்பாக்கத்துக்கா?

வீட்டுக்குக் கொண்டுபோவது என்றால் என்ன நடக்கும் என்று பெரியப்பாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டியூப்பை உருவினால் மூச்சுத் திணறும், வலிக்கு ஓடிக்கொண்டிருக்கிற மருந்தும் நின்றுபோகும். முன்னேற்றம் தெரிகிற ஒரு 34 வயதுப் பெண்ணுக்கு இதைச் செய்யாதீர்கள். தீக்காயம் எம்.எல்.சி. கேஸ், அதாவது போலீஸுக்குத் தகவல் போகிற கேஸ், வீட்டில் உயிர் போனாலும் போலீஸும் போஸ்ட்மார்ட்டமும் உண்டு, அமைதியாக எடுத்துச் செல்லலாம் என்பது நடக்காது.

வேறொரு நிலைமையும் வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். வயது, தீக்காய சதவீதம், புகை உள்ளே போயிருந்தால் 17, இந்த மூன்றையும் கூட்டி ஆபத்தை அளப்பது எங்கள் வழக்கம். அக்காவுக்கு 34, 40, 17, ஆக 91. இது கனமான எண்தான். நல்ல தீக்காயப் பிரிவுகளில் இந்த எண்ணோடு வந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கிருமி ரத்தத்தில் பரவினாலோ கிட்னி நின்றாலோ நிலைமை இரண்டு நாளில் தலைகீழாகவும் ஆகும். அப்படி ஒவ்வொரு உறுப்பாகப் போய், இனி பலனில்லை என்று டாக்டர்களே சொல்கிற கட்டம் வந்தால், மெஷினை நிறுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தந்த தீர்ப்பு அது, நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. மருத்துவமனைக்குள் ஒரு டாக்டர் குழு, அப்புறம் இரண்டாவது குழு, குடும்பத்தின் சம்மதம், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். வலி தெரியாமல், குடும்பம் பக்கத்தில் இருக்க, ஆஸ்பத்திரியிலேயே அது நடக்கும். இன்று நீங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை.

கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை யோசனையை நான் ஆதரிக்கிறேன். தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு, நாள்தோறும் இதையே பார்க்கிற டாக்டர்களும் சிஸ்டர்களும், கட்டணமும் இல்லை. கடன் வாங்கி இன்னும் ஒன்றரை மாதம் தனியாரில் தள்ள முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் திடீரென்று கிளம்பிப் போய் வாசலில் நிற்காதீர்கள். இங்கிருக்கும் டாக்டர் அங்கே பேசி, வென்டிலேட்டரோடு படுக்கை இருக்கிறது என்று உறுதியானபிறகு, வென்டிலேட்டர் உள்ள ஆம்புலன்ஸில், டியூப்பைக் கையாளத் தெரிந்த ஒருவர் கூட வர, வழிக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு ஆக்சிஜனோடு போக வேண்டும். துளை போட்டு ஒன்றிரண்டு நாள் நிதானித்து மாற்றுவது சிலருக்குப் பத்திரம், அதையும் இரு பக்க டாக்டர்களும் பேசட்டும். பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்துவைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை இல்லை. கேஸ் ஷீட் நகல் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மாற்றும் நாளில் சுருக்கமும் ஸ்கேனும் கையோடு வாங்குங்கள்.

பணம்

இரண்டு விஷயம், இன்றே செய்யுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. இப்போதிருக்கும் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, தீக்காயத்துக்கு எவ்வளவு அனுமதி என்று காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அடுத்தது யாரும் உங்களிடம் சொல்லாதது. வீட்டு சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு எடுத்திருக்கின்றன, நீங்கள் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டியதில்லை. சிகிச்சைச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை கிடைக்கும். கனெக்‌ஷன் பதிவான முகவரியில் விபத்து நடந்திருக்க வேண்டும். கேஸ் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள், எஃப்.ஐ.ஆர். நகலும் பில்களும் பத்திரம், எரிந்த ரெகுலேட்டரையும் குழாயையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், நாளைக்குப் பார்வை நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டு வராதீர்கள். கையைச் சுத்தமாகக் கழுவி, கவுன் போட்டு உள்ளே போய்க் காதருகே பேசுங்கள். மயக்கத்தில் இருப்பவர்களுக்குப் பகலா இரவா, எங்கே இருக்கிறோம் என்று எதுவும் தெரியாது. குணமாகிப் போன ஓர் அம்மா, அலாரம் அடிக்கும்போதெல்லாம் குக்கர் விசில் என்று நினைத்து 'அடுப்பை அணைக்கணுமே' என்று தவித்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார். அடுப்படியில் எரிந்த உங்கள் அக்காவுக்கும் அப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு என்ன கிழமை, இது ஆஸ்பத்திரி, தீ அணைந்துவிட்டது, வாயில் இருப்பது மூச்சுக் குழாய், அதனால்தான் பேச்சு வரவில்லை, பேச்சு போய்விடவில்லை என்று ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து சொல்லுங்கள். வலி, தாகம், சளி, அரிப்பு, பயம் என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு போங்கள். கண் திறந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், இமையைச் சிமிட்டிப் பதில் சொல்வார். பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பச் சொன்னார் அல்லவா, தினமும் போகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.